கொடியில் வடிந்த பால்

உலகச் சந்தையின் கதை: பகுதி 14

சென்ற பகுதியைக் கரும்புத் தோட்டங்களில் நிறுத்தியிருந்தோம். 1834 ஆகஸ்ட் 1 அன்று பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறை சட்டப்படி முடிந்ததையும், இழப்பீடாக ஒதுக்கிய 2 கோடி பவுண்டு அடிமைகளுக்குப் போகாமல் அவர்களை உடைமையாக வைத்திருந்தவர்களுக்கே போனதையும் பார்த்தோம். அதன்பின் ஐம்பது ஆண்டுகளில் உலகம் வேகமாக நெருங்கி வந்துவிட்டது. நீராவிக் கப்பல்கள் ஓடின. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. கடலடியில் தந்திக் கம்பி போட்டார்கள். லிவர்பூலில் பஞ்சு விலை ஏறினால் பம்பாய் வியாபாரிக்கு உடனுக்குடன் தெரிந்தது. அடிமை வணிகத்தை ஒழித்துவிட்டோம் என்று ஐரோப்பிய அரசுகள் பெருமையோடு பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில், ஆப்பிரிக்காவின் நடுவே ஒரு நாட்டின் மக்கள் அத்தனை பேரும் கட்டாய வேலைக்குள் தள்ளப்பட்டது எப்படி? இந்தப் பகுதி முழுக்க அந்தக் கேள்வியோடுதான் நடக்கப்போகிறோம். அதற்குக் காரணமாக இருந்த பொருள் ரப்பர்.

ரப்பர் ஐரோப்பாவுக்கு முன்பே தெரிந்த பொருள்தான். ஆனால் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்து உடையும் என்பதால் அதை வைத்துப் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி, எந்தப் பருவத்துக்கும் தாங்குகிற பொருளாக மாற்றும் வழியைக் கண்டுபிடித்தார். பிறகு 1888இல், பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனுடைய மூன்று சக்கர வண்டி கல்தெருவில் குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காகச் செய்து பார்த்த காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் நம் தெருமுனை சைக்கிள் கடையில் ட்யூபைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கி, எங்கே குமிழி கிளம்புகிறது என்று பார்க்கிறார்களே, அந்தத் தொழிலுக்கு வித்திட்டது அந்தத் தகப்பனின் டயர்தான். சில ஆண்டுகளில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சைக்கிள் மோகம் பிடித்துக்கொண்டது. பின்னாலேயே மோட்டார் கார் வந்தது, மின்கம்பிக்கு உறை தேவைப்பட்டது. எல்லாவற்றுக்கும் ரப்பர் வேண்டும்.

அன்றைக்கு உலகத்துக்கு ரப்பர் வந்த பெரிய ஊற்று பிரேசிலின் அமேசான் காடு. அந்தப் பணத்தில் காட்டின் நடுவிலிருந்த மனாஉஸ் நகரத்தில் 1896இல் ஓர் இசை நாடக அரங்கமே கட்டித் திறந்தார்கள். ஆனால் தேவை ஏறிய வேகத்துக்கு அமேசான் மட்டும் போதவில்லை. தோட்டம் போட்டு ரப்பர் மரம் வளர்க்கலாம் என்றால், நட்ட கன்றில் கத்தி வைக்க ஆறேழு ஆண்டாவது காத்திருக்க வேண்டும். காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. காட்டில் தானாக வளர்ந்திருக்கும் ரப்பர் எங்கே இருக்கிறதோ அங்கே இன்றே பணம் இருந்தது. காங்கோவில் அது இருந்தது.

காங்கோ அப்போது ஒரு தனி மனிதரின் சொத்து. இதை அணியாகச் சொல்லவில்லை, சட்டப்படியே அதுதான் நிலை. பெல்ஜியத்தின் அரசர் இரண்டாம் லியோபோல்டு, தன் நாட்டுக்காக அல்ல, தன் பெயரிலேயே அந்த நிலத்தை வைத்திருந்தார். பெல்ஜியத்தைப் போல 76 மடங்கு பரப்பு. அவருக்காக ஹென்றி மார்டன் ஸ்டான்லியும் அவருடைய ஆட்களும் காங்கோ ஆற்றங்கரையில் ஊர் ஊராகப் போய், எழுத்தறியாத தலைவர்களிடம் ஒப்பந்தங்களில் குறி வாங்கினார்கள். 1884இல் இரண்டு ஊர்த் தலைவர்கள் தங்கள் நிலத்தின் ஆட்சியுரிமையையும், கேட்கும்போதெல்லாம் வேலைக்கு ஆள் தரும் பொறுப்பையும் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. பதிலுக்கு அவர்களுக்குக் கிடைத்தது மாதம் ஆளுக்கு ஒரு துண்டுத் துணி. அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவர்களுக்கு யாராவது படித்துச் சொல்லியிருப்பார்களா என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

1884 நவம்பர் முதல் 1885 பிப்ரவரி வரை பெர்லினில் 14 நாடுகள் கூடிப் பேசின. ஆப்பிரிக்கர் ஒருவர்கூட அந்த மேசையில் இல்லை. அங்கே கையெழுத்தான உடன்படிக்கையில் இரண்டு வாக்குறுதிகள் இருந்தன. காங்கோ வடிநிலத்தில் எல்லா நாட்டவரும் தடையின்றி வாணிபம் செய்யலாம் என்பது ஒன்று. அந்த மண்ணின் மக்களைப் பாதுகாத்து, அவர்கள் நிலையை உயர்த்தி, அடிமைமுறையை ஒடுக்க உதவ வேண்டும் என்பது மற்றொன்று. சுதந்திர வாணிபமும் மனித நலனும் ஒரே தாளில் கைகோத்து நின்றன. அந்த ஆண்டே பிறந்த அரசுக்குக் ‘காங்கோ சுதந்திர நாடு’ என்று பெயர் வைத்தார்கள். லியோபோல்டு தன் வாழ்நாளில் ஒரு முறைகூட அங்கே காலடி வைத்ததில்லை.

பெரிய திருட்டு துப்பாக்கியால் நடக்கவில்லை, ஆணையால் நடந்தது. ஆளில்லாத நிலமெல்லாம் அரசுக்குச் சொந்தம் என்று சட்டம் வந்தது. குடிசை இருக்கும் இடமும் பயிர் நிற்கும் இடமும் மட்டுமே மக்களுடையது என்றார்கள். காடு யாரும் இல்லாத இடமாம். வேட்டையாடவும், விறகு எடுக்கவும், மூலிகை பறிக்கவும், மீன் பிடிக்கவும் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த காடு ஒரே நாளில் அரசின் காடாகிவிட்டது. 1891, 1892 ஆண்டுகளின் ஆணைகள் அடுத்த படிக்குப் போயின. அந்தக் காட்டில் விளையும் ரப்பரும் தந்தமும் அரசுக்குச் சேர வேண்டும், மக்கள் அதை வெளி வியாபாரிக்கு விற்றால் குற்றம். பரந்த பகுதிகளைக் கம்பெனிகளுக்கு ஏகபோகமாகக் கொடுத்தார்கள், லாபத்தில் அரசருக்குப் பங்கு வைத்தார்கள். அப்படி 1892இல் பிறந்த ஒரு கம்பெனியின் பெயர் ஆங்கிலோ பெல்ஜியன் இந்தியா ரப்பர் கம்பெனி, சுருக்கமாக ‘அபிர்’. இந்தியாவுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் ரப்பருக்கே ‘இந்தியா ரப்பர்’ என்றுதான் பெயர்.

காங்கோவின் ரப்பர் மரத்தில் இல்லை, கொடியில் இருந்தது. லாண்டால்பியா என்கிற காட்டுக்கொடி ஒரு மரத்தைப் பற்றிச் சுற்றி உச்சி வரை ஏறும், அங்கே வெயிலைக் கண்டதும் கிளைவிட்டு அடுத்த மரத்துக்குத் தாவும். பால் எடுக்க வருகிறவர் கொடியைக் கீறி, சட்டியை வைத்துக் காத்திருக்க வேண்டும். தாழ்வாக இருந்த கொடிகள் தீர்ந்த பிறகு மரத்தின் மேலேறித்தான் கீற முடியும். விழுந்து முதுகு ஒடிந்தவர்கள் உண்டு. எடுத்த பாலை உறைய வைக்கப் பலர் செய்த வழி, அதைத் தங்கள் மார்பிலும் கையிலும் தொடையிலும் பூசிக்கொள்வது. உடம்புச் சூட்டில் காய்ந்ததும் உரித்தெடுக்க வேண்டும். முதல் சில முறை தோலிலிருக்கும் முடியும் சேர்ந்து பிய்த்துக்கொண்டு வரும்.

அபிர் பகுதியில் வயது வந்த ஆண் ஒவ்வொருவரும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மூன்று நான்கு கிலோ காய்ந்த ரப்பர் கொண்டுவந்து நிறுத்துப் போட வேண்டும். கிட்ட இருந்த கொடிகள் வெட்டி வெட்டிச் செத்துப்போக, கொடி தேடிப் போகிற தூரம் நாளுக்கு நாள் நீண்டது. மாதத்தில் பெரும்பகுதி காட்டிலேயே கழிந்தது. யார் விதைப்பது, யார் வேட்டைக்குப் போவது? பட்டினி வந்தது, பட்டினியின் பின்னாலேயே நோய் வந்தது. காங்கோவில் மாண்டவர்களில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களைவிட இப்படி மாண்டவர்களே அதிகம்.

இவ்வளவு பாடுபட்டு யார் போவார்கள்? விரும்பிப் போகிறவர் யாரும் இல்லை. ஆகவே பெண்களைப் பிடித்து அடைத்தார்கள். படைவீரர்கள் ஊருக்குள் நுழைந்து மனைவியையும் குழந்தையையும் கொண்டுபோய்க் கொட்டடியில் போட்டுவிடுவார்கள். கணவன் ரப்பரைக் கொண்டுவந்து போட்டால்தான் மீட்கலாம். அளவு குறைந்தால் சாட்டை. நீர்யானைத் தோலை வெயிலில் காயவைத்து, விளிம்பு கூராகச் செய்த முறுக்குச் சாட்டை அது. ஊரே எதிர்த்து நின்றால் துப்பாக்கி.

வெட்டிய கைகளின் கதை இங்கேதான் வருகிறது. படைவீரருக்குக் கொடுத்த ஒவ்வொரு தோட்டாவுக்கும் அதிகாரி கணக்குக் கேட்டார். வேட்டைக்குச் செலவழித்துவிட்டாயா, கலகத்துக்கென்று பதுக்கிவிட்டாயா? சுட்டது மனிதரைத்தான் என்பதற்குச் சான்றாகச் செத்தவரின் வலது கையை வெட்டிக் கொண்டுவர வேண்டும். தோட்டாவை வேறு காரியத்துக்குச் செலவழித்தவர்கள் உயிரோடிருந்தவர்களின் கையை வெட்டிக் கணக்கை நேராக்கினார்கள். கைகள் கெட்டுப்போகாமல் இருக்க நெருப்புப் புகையில் காட்டினார்கள். 1899இல் வில்லியம் ஷெப்பர்டு என்ற ஆப்பிரிக்க அமெரிக்கப் பாதிரியார் கசாய் பகுதியில் அப்படிப் புகையில் கிடந்த கைகளைத் தானே எண்ணினார். 81 இருந்தன.

இந்த எண்ணிக்கையைப் படித்துவிட்டு, ஏதோ சில கொடியவர்களின் வெறி என்று கடந்துபோய்விடக் கூடாது. இங்கே நடந்த ஒவ்வொன்றுக்கும் கணக்குப் புத்தகம் இருந்தது. தோட்டாவுக்குக் கணக்கு, பிணை பிடித்த பெண்களுக்குக் கணக்கு, ரப்பருக்குக் கணக்கு. மேலே உட்கார்ந்திருந்த அதிகாரிக்கு ரப்பரின் அளவுக்கேற்பக் கமிஷன். எவ்வளவு குறைந்த விலைக்கு ரப்பர் வாங்குகிறாரோ, அவ்வளவு கமிஷன் ஏறும். காட்டிலிருந்து பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகம் வரை ஒரு கிலோ ரப்பரைக் கொண்டுவந்து சேர்க்க அபிர் செலவழித்தது 1.35 பிராங்க். துறைமுகத்தில் அதே கிலோ எட்டு, பத்து பிராங்குக்குப் போனது. இடையில் இருந்த அந்தத் தொகைதான் சாட்டையை இயக்கியது.

கணக்குப் புத்தகம் வைத்து நடத்திய குற்றத்தைக் கடைசியில் இன்னொரு கணக்குப் புத்தகத்தை வைத்தே ஒருவர் கண்டுபிடித்தார். அவர் பெயர் எட்மண்ட் டீன் மொரெல். லிவர்பூலில் எல்டர் டெம்ப்ஸ்டர் என்ற கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. காங்கோவுக்கும் பெல்ஜியத்துக்கும் இடையிலான சரக்குப் போக்குவரத்தை நடத்தியது அந்தக் கம்பெனிதான். மொரெலுக்குப் பிரெஞ்சு நன்றாக வரும் என்பதால், 1890களின் கடைசியில் அவரை அடிக்கடி ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். வயது இருபத்தைந்தை ஒட்டி. அதுவரை லியோபோல்டின் ஆட்சியைப் புகழ்ந்து பத்திரிகையில் எழுதியவர்தான்.

துறைமுகத்தில் அவர் கண்ணுக்கு முன்னால் காங்கோவிலிருந்து வந்த கப்பல் நிற்கிறது. உள்ளே தளம் முழுக்க ரப்பரும் தந்தமும். இறக்கி முடித்ததும் கப்பல் திரும்பிப் போக வேண்டும். வாணிபம் என்றால், எடுத்த சரக்குக்கு ஈடாகத் துணியோ, உப்போ, பாத்திரமோ, பணமோ அங்கே போக வேண்டும். போனது என்ன? பெட்டி பெட்டியாகத் துப்பாக்கியும் தோட்டாவும், கூடவே அதிகாரிகள். மக்களுக்கு விலையாகக் கொடுக்கக்கூடிய பொருள் ஏதும் சொல்லும்படியாக இல்லை. வந்த ரப்பரின் உண்மையான அளவையும் பொதுமக்களுக்கு அறிவித்த அளவையும் ஒப்பிட்டார், அதிலும் பொருந்தவில்லை. அப்படியானால் இவ்வளவு ரப்பரும் எப்படிக் கிடைக்கிறது? விலை கொடுக்கவில்லை, துப்பாக்கி போகிறது. மிச்சம் இருந்த ஒரே விடை கட்டாய உழைப்பு. காங்கோ மண்ணை மிதிக்காமலே, சரக்குப் பட்டியலை வைத்தே ஒரு குமாஸ்தா அதைப் புரிந்துகொண்டார்.

இந்தத் தொடரில் எத்தனையோ கணக்குப் பேரேடுகளைப் பார்த்துவிட்டோம், இனியும் பார்ப்போம். ஆனால் ஒரு பேரேட்டை நேர்மையோடு படித்த இந்தக் குமாஸ்தாவுக்கு இணையாக ஒருவரை என்னால் காட்ட முடியாது. அவர் மேலதிகாரியிடம் சொன்னார். மேலதிகாரி அவரை வேறு நாட்டுக்கு அனுப்பப் பார்த்தார், கூடுதல் சம்பளம் காட்டினார். மொரெல் குடும்பஸ்தர், பெரிய சொத்து எதுவும் இல்லாதவர். 1901இல் வேலையை விட்டார். 1903இல் சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார்.

அவருக்கு முன்பே சொன்னவர்கள் உண்டு, யாரும் காது கொடுக்கவில்லை. 1890இல் காங்கோ ஆற்றில் பயணம் செய்த ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ், லியோபோல்டுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அமெரிக்க வெளியுறவுச் செயலருக்கு எழுதிய இன்னொரு கடிதத்தில் அந்த ஆட்சி மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள் செய்வதாகக் குறித்தார். நூரம்பர்க் விசாரணையில் உலகம் கேட்ட சொற்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு கறுப்பினத்தவரின் பேனாவில் வந்துவிட்டன. அடுத்த ஆண்டே அவர் காலமானார், கடிதம் மறக்கப்பட்டது. அதே 1890இல் ஆற்றில் நீராவிப் படகில் வேலை பார்த்த ஜோசப் கான்ராடு தான் கண்டதைப் பின்னால் நாவலாக எழுதினார்.

1903 மே மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் காங்கோ நிலை குறித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. காங்கோவின் போமா நகரில் இருந்த பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மெண்ட்டை நேரில் போய்ப் பார்த்துவரச் சொன்னார்கள். அவர் அரசாங்கப் படகில் போகவில்லை. அதில் போனால் எதைக் காட்ட வேண்டுமோ அதைத்தான் காட்டுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அமெரிக்கப் பாதிரிமாரிடம் ஒரு சிறு நீராவிப் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு எதிராகப் போனார். கரையில் இறங்கி, காட்டுக்குள் ஓடி ஒளிந்திருந்தவர்களிடமே பேசி, பேசியதை எழுதிக்கொண்டார். ஊர் எத்தனை, ஆள் எத்தனை, எவ்வளவு ரப்பர், எத்தனை பேரைக் காணோம். கை இழந்த சிறுவன் ஒருவனைப் பற்றி அவர் எழுதியபோது, காட்டுப்பன்றி கடித்தது என்று காங்கோ அரசு பதில் சொன்னது. அறிக்கை 1904 பிப்ரவரியில் வெளியானது. அடுத்த மாதமே மொரெல் லிவர்பூலில் காங்கோ சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கினார்.

அந்த ஆண்டு மே மாதம் நடந்தது இது. அபிர் பகுதியில் பரிங்கா என்ற ஊரின் மிஷன் வீட்டுக்கு வாலா ஊரைச் சேர்ந்த நிசாலா என்பவர் இலையில் சுற்றிய ஒரு சிறு பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். கம்பெனியின் காவல்காரர்கள் அவர் மனைவியையும் மகளையும் கொன்றுவிட்டார்கள். பொட்டலத்தில் இருந்தது அந்தக் குழந்தையின் ஒரு கையும் ஒரு பாதமும். குழந்தைக்கு வயது ஐந்து. அந்த வீட்டில் இருந்த ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்ற ஆங்கிலப் பெண் அவரைத் திண்ணை ஓரத்தில் உட்காரச் சொல்லி, தன் கேமராவில் ஒரு படம் எடுத்தார். படத்தில் நிசாலா அழவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, எதிரே தரையில் வைத்திருக்கும் அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் படம்.

ஆலிஸும் அவர் கணவரும் ஊர் திரும்பி, அந்தப் படத்தையும் அதைப் போன்ற மற்றப் படங்களையும் கண்ணாடித் தகடுகளாக்கி, விளக்கொளியில் திரையில் காட்டி, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நூற்றுக்கணக்கான கூட்டங்களில் பேசினார்கள். மார்க் ட்வைன் 1905இலும், ஆர்தர் கானன் டாயில் 1909இலும் காங்கோவுக்காகவே புத்தகம் எழுதினார்கள். ஒரு தூர நாட்டின் மக்களுக்காக இத்தனை நாடுகளில் ஒரே நேரத்தில் எழும்பிய முதல் பெரிய மனித உரிமை இயக்கங்களில் ஒன்று இது. ரப்பரைக் கொண்டுவந்த அதே கப்பல்கள்தான் கடிதத்தையும் படத் தகட்டையும் கொண்டுவந்தன.

எதிர்ப்பு முற்றியதும் லியோபோல்டே ஒரு விசாரணைக் குழுவை அனுப்ப வேண்டி வந்தது. மூன்று நீதிபதிகள். தனக்குச் சாதகமாக எழுதுவார்கள் என்று அவர் நினைத்திருக்கலாம். குழு ஊர் ஊராக உட்கார்ந்து சாட்சியம் கேட்டது. லொந்துலு என்ற தலைவர் வந்தார். அவருக்கு எழுதத் தெரியாது. 110 குச்சிகளைக் கொண்டுவந்து நீதிபதிகளின் மேசைமேல் வைத்தார். ரப்பருக்காகக் கொல்லப்பட்ட தன் மக்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு குச்சி. அவற்றை நான்கு குவியலாகப் பிரித்து அடுக்கினார். குலப் பெரியவர்கள், ஆண்கள், பெண்கள், குழந்தைகள். ஒவ்வொரு குச்சிக்கும் உரிய பெயரைச் சொன்னார். ஆண்ட்வெர்ப்பில் இருந்த எந்தப் பேரேட்டிலும் இல்லாத கணக்கு அந்த மேசைமேல் இருந்தது. 1905இல் வெளிவந்த அறிக்கை, குற்றச்சாட்டுகளை மறுக்க முடியாமல் ஒப்புக்கொண்டது.

1908இல் பெல்ஜிய நாடாளுமன்றம் காங்கோவை அரசரிடமிருந்து எடுத்துக்கொண்டது. சும்மா எடுக்கவில்லை. 11 கோடி பிராங்க் கடனை ஏற்றுக்கொண்டு, அவர் பெல்ஜியத்தில் எழுப்பிக்கொண்டிருந்த கட்டடங்களுக்கு நாலரைக் கோடிக்கு மேல் கொடுத்து, காங்கோவுக்காக அவர் செய்த தியாகத்துக்கு நன்றியாக இன்னும் 5 கோடி கொடுக்க ஒப்புக்கொண்டது. கை இழந்தவர்களுக்கு ஒரு பிராங்க்கூட ஒதுக்கவில்லை. 1834இல் பார்த்த அதே தீர்ப்பு. கைமாறுவதற்கு முன் அரசரின் ஆவணங்களை எட்டு நாள் உலையில் போட்டு எரித்தார்கள். எத்தனை பேர் மாண்டார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. மக்கள்தொகை பாதியாகக் குறைந்தது என்று 1919இல் பெல்ஜிய அரசின் குழு ஒன்றே மதிப்பிட்டது.

மொரெலின் எழுத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுண்டு. கொடுமை செய்த அதிகாரிகளைத் தண்டித்தால் போதும் என்று அவர் சொல்லவில்லை. வேர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். நிலமும் அதில் விளைவதும் அந்த மண்ணின் மக்களுடையதா, இல்லையா? அவர்களுடையது என்றால், வேண்டியவர் விலை கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும், விலை பிடிக்காவிட்டால் அவர்கள் விற்க மாட்டார்கள். அவர்களுடையது இல்லை என்றால், விலைக்கு இடமில்லை, சாட்டைதான் மிச்சம். மாட்டேன் என்று சொல்லும் உரிமை இல்லாத ஒருவரோடு நடப்பதை வாணிபம் என்று சொல்ல முடியாது. நானும் அந்தப் பக்கம்தான் நிற்கிறேன். தூர தேசத்தோடு கொள்வதும் கொடுப்பதும் குற்றமில்லை. சரக்கைச் சேகரிப்பவர் கையில் அந்த ஒரு சொல் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மொரெலுக்கும் குறை உண்டு. தன் நாட்டின் காலனி ஆட்சியை அவர் அந்த அளவுக்குக் கேள்வி கேட்கவில்லை. காங்கோவுக்குள் நுழைய முடியாமல் இருந்த லிவர்பூல் வியாபாரிகளும் அவருக்குத் துணை நின்றார்கள். இருந்தாலும் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

அதற்கு மேற்கு ஆப்பிரிக்காவிலேயே ஒரு சான்று உண்டு. இன்றைய கானாவான கோல்டு கோஸ்ட்டில் கோகோவைத் தங்கள் நிலத்தில் தாங்களே பயிரிட்ட ஆப்பிரிக்க விவசாயிகள், 1911க்குள் அதை உலகிலேயே அதிகம் கோகோ விளையும் நாடாக்கினார்கள். 1937இல் ஐரோப்பியக் கம்பெனிகள் கூடிப் பேசி விலையை அமுக்கியபோது, அந்த விவசாயிகள் மாதக்கணக்கில் கோகோவை விற்காமல் வைத்துக்கொண்டார்கள். பிரிட்டிஷ் அரசு விசாரணைக் குழு அமைக்க வேண்டி வந்தது. காங்கோவின் கொடிக்காட்டில் நின்றவருக்கு அப்படி வைத்துக்கொள்ள வழியில்லை.

காங்கோ முடிந்த கையோடு கேஸ்மெண்ட் 1910இல் அமேசானுக்குப் போனார். பெரு நாட்டின் புட்டுமாயோ பகுதியில், லண்டனில் பதிவான ஒரு ரப்பர் கம்பெனி அங்குள்ள பழங்குடிகளை அதே சாட்டையால் அதே வேலை வாங்கிக்கொண்டிருந்தது. பங்குதாரர்கள் லண்டனில் இருந்தார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு அந்தக் கம்பெனியின் இயக்குநர்களைக் கூப்பிட்டு விசாரித்தது. தெரியாது என்ற பதில்தான் அதிகம் வந்தது. பங்குச் சந்தையில் முதல் போடுகிறவருக்குத் தூரத்தில் நடப்பதற்கு என்ன பொறுப்பு என்ற கேள்வி அன்றைக்கு எழுந்தது, இன்னும் அது தீர்ந்தபாடில்லை.

காட்டு ரப்பரின் காலத்தை முடித்தவர்கள் சீர்திருத்தவாதிகள் மட்டும் இல்லை. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்தது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. அங்கே பின்னால் தாவரத் தோட்டத்தின் தலைவராக வந்த ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் பட்டையைச் சாய்வாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை உருவாக்கி, தோட்டக்காரர்களிடம் விதையைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். காபி விலை விழுந்ததும் அவர்கள் ரப்பருக்கு மாறினார்கள். 1913 அளவில் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை முந்திவிட்டது. காங்கோவின் கொடியை யாரும் தேடவில்லை.

மலாயாவின் அந்த மரங்களைச் சீவியவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கியவர்கள். முதலில் சஞ்சிக்கூலி என்ற ஒப்பந்தக் கூலியாக, 1910இல் அது நிறுத்தப்பட்ட பிறகு ஆள் சேர்க்கும் கங்காணியின் கையைப் பிடித்துக்கொண்டு. இருட்டு விலகுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு நிற்பார்கள், பிறகு நிரை நிரையாக மரம் சீவுவார்கள், மங்கு என்ற கிண்ணத்தில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துத் தூக்கிவருவார்கள், லயத்துக்குத் திரும்புவார்கள். 1931இல் மலாயாவில் இந்தியர்கள் 6 லட்சத்துக்கும் மேல், பெரும்பாலோர் தமிழர். இங்கே கையை வெட்டவில்லை. காங்கோவையும் மலாயாவையும் ஒன்றென்று சொல்வது காங்கோவின் பிணங்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் தோட்டத்துத் துரையும் கணக்கெழுதும் கிராணியும் சொன்னதற்கு மறுசொல் கிடையாது என்ற நிலை இங்கேயும் இருந்தது. 1930இல் ரப்பர் விலை விழுந்ததும், யாரையும் கேட்காமல் பல பத்தாயிரம் பேரைத் தமிழ்நாட்டுக்குத் திருப்பிக் கப்பலேற்றினார்கள். விலை ஏறியதும் மறுபடி கூப்பிட்டார்கள்.

1941இல் போர்த் தேவையால் ரப்பருக்கு மவுசு கூடியிருந்தது. சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களைத் திரட்டிய ஆர்.எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். படை வந்தது, சிலாங்கூரில் அவசரநிலை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி இருந்தது. பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், மருத்துவ வசதி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், சங்கம் வைக்க விட வேண்டும், உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக விட வேண்டும் என்பவையும் இருந்தன. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. தோட்டத்து வழியில் வெள்ளைக்கார மேனேஜரோ மற்ற அலுவலரோ எதிரே வந்தால், தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது வழக்கம். இனி இறங்க மாட்டோம், சைக்கிளில் உட்கார்ந்தபடியே போக விட வேண்டும் என்று கேட்டார்கள்.